க்ராப் சென்சார் கேமராவ வச்சு கல்யாணம் எடுக்கலாமா? (கேனான் 80டி, வீட்ல நிச்சயதார்த்தம், மண்டபத்துல முகூர்த்தம்)

ஈசூன்_க்ளிக் | செவ்வாய், இரவு 11:14

எல்லாருக்கும் வணக்கம். என்கூட என்எஸ் (தேசிய சேவை) பண்ண நண்பனோட தங்கச்சிக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம், அவங்க வீட்லயே, சிங்கப்பூர் ஈசூன்ல நாலறை வீடு, ஒரு அறுபது பேர் வருவாங்களாம். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பி.ஜி.பி மண்டபத்துல கல்யாணம், முகூர்த்தம் காலைல 6லேர்ந்து 7.30. ரெண்டையும் நீயே எடுத்துக் குடுத்துருப்பான்னு அவங்கம்மா கேட்டுட்டாங்க, நானும் சந்தோஷத்துல சரின்னு சொல்லிட்டேன்.

என்கிட்ட இருக்கறது கேனான் 80டி (அதுல படம் பதியற சென்சார் சின்னது, அதத்தான் க்ராப்ங்கறாங்க), அதோட வந்த 18-135 ஜூம் லென்ஸ், அப்புறம் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். தைப்பூசம், தீமிதி, தீபாவளி நேரத்து தேக்கா (லிட்டில் இந்தியா) லைட்டு இதெல்லாம் நாலு வருஷமா எடுக்கறேன், கல்யாணம் எடுத்ததே இல்ல. போன வாரம் இதையே தொழிலா பண்ற ஒருத்தர்கிட்ட யோசனை கேட்டேன். கேமரா பேர சொன்னதும் "க்ராப்பா? அத தூக்கிட்டு முகூர்த்தத்துக்கு போயிடாத தம்பி"ன்னுட்டாரு. அந்த வார்த்தை ரெண்டு நாளா மனசுல கெடந்து உறுத்துது. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடி ஒண்ணு வாங்கறதா, இருக்கறத வச்சே எடுக்கறதா, இல்ல என்னால முடியாதுன்னு இப்பவே சொல்லிடறதா? கையில 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கு.

செம்பவாங்_ஒளி | புதன், காலை 7:40

அவர் சொன்ன விதம் சரியில்ல, ஆனா விஷயம் பொய்யில்ல தம்பி. உங்க கேனான் க்ராப் சென்சார் 22.3க்கு 14.9 எம்எம், ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24. பரப்பளவுல பாத்தா ரெண்டரை மடங்குக்கு மேல வித்தியாசம். அதே எஃப் நம்பர் (லென்ஸ் திறப்பு, நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம்), அதே ஷட்டர் வச்சா க்ராப்புக்கு மொத்தமா விழற வெளிச்சம் அந்த அளவுக்கு கம்மி, ஒண்ணேகால் ஸ்டாப்புக்கு கொஞ்சம் மேல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு வித்தியாசம்). வெயில்ல இது தெரியாது, மண்டபத்துல தெரியும்.

இன்னொண்ணு, இத யாரும் வெளிப்படையா பேசறதில்ல. நம்மாளுங்க மாநிறம், கருப்பு நிறம். மாப்பிள்ளை வெள்ளை பட்டு வேட்டி, பொண்ணு மேல பூரா தங்கம். கேமராவோட வெளிச்சம் அளக்கற மீட்டர் அந்த வெள்ளையையும் மினுமினுப்பையும் பாத்துட்டு படத்த இருட்டாக்கும், முகம் நிழலுக்கு போயிரும். வீட்டுக்கு வந்து அந்த முகத்த கம்ப்யூட்டர்ல தூக்கினா நாய்ஸ் (புள்ளி புள்ளியா தெரியறது) வந்து நிக்கறது கன்னத்துலயும் கண்ணுக்கு கீழயும்தான். க்ராப்புல தூக்கறதுக்கு இடம் குறைவு. நான் மூணு வருஷம் க்ராப் வச்சு எடுத்துட்டு இந்த ஒரே காரணத்துக்காகத்தான் மாறினேன், இன்னிக்கும் அந்த முடிவு சரின்னுதான் நெனைக்கறேன்.

தேக்கா_பழசு | புதன், மதியம் 1:05

சாப்பாட்டு நேரத்துல எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க. நான் கல்யாணம் எடுக்க ஆரம்பிச்சது கேனான் 7டில, அதுவும் க்ராப்தான், 18 மெகாபிக்சல். அந்த ஆல்பங்கள் இன்னிக்கும் அந்தந்த வீட்டு ஷெல்ஃப்ல இருக்கு, போனா எடுத்துக் காட்டறாங்க.

செம்பவாங் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா தம்பி கையில இருக்கற பெரிய பிரச்சனை சென்சார் இல்ல, அந்த 18-135. ஜூம் பண்ணா எஃப் 5.6க்கு போயிரும். எஃப் 1.8ல ஐஎஸ்ஓ (கூட்டினா படம் வெளிச்சமாகும், நாய்ஸும் கூடும்) 1600 போதும்கற எடத்துல எஃப் 5.6ல 16000 கிட்ட கேக்கும், 80டியோட எல்லையே 16000தான். சென்சார்ல போறது ஒண்ணேகால் ஸ்டாப், இந்த லென்ஸ்ல போறது மூணு ஸ்டாப்புக்கு மேல. எத மொதல்ல சரி பண்ணணும்னு நீங்களே பாருங்க.

1,200 வெள்ளிய பாடில போட்டீங்கன்னா லென்ஸுக்கு காசு இருக்காது, உங்க 18-135 மாதிரி க்ராப்புக்குன்னு செஞ்ச கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ் கேனான் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் பாடில மாட்டவும் மாட்டாது, கடைசில ஒத்த 50 எம்எம்மோட நிப்பீங்க. அதுக்கு பதிலா பெனின்சுலா பிளாசா பக்கம் பழைய கேமரா கடைகள்லயோ கரோசல்லயோ (பழைய பொருள் விக்கற ஆப்) தேடி ஒரு சிக்மா 17-50 எஃப் 2.8 வாங்குங்க. இல்லன்னா சிக்மா 18-35 எஃப் 1.8, 2013ல வந்தது, க்ராப்புக்குன்னே செஞ்சது. அத கேனான் க்ராப்புக்கான 1.6ஆல பெருக்கிப் பாருங்க, ஃபுல் ஃப்ரேம்ல 29-56 எஃப் 2.9 மாதிரி ஆகுது. அந்த ஒண்ணேகால் ஸ்டாப்ப லென்ஸே திருப்பிக் குடுத்துருது. ஒரே குறை, கேனான் டிஎஸ்எல்ஆர்ல வ்யூஃபைண்டர் வழியா எடுத்தா சிலதுல ஃபோகஸ் முன்ன பின்ன போகும். 80டில லைவ் வ்யூ போட்டு (பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்து) டூயல் பிக்சல் ஃபோகஸ்ல எடுத்தா கச்சிதமா விழும். கடையிலயே ரெண்டு விதமாவும் எடுத்து பெரிசாக்கி பாத்துட்டு காசு குடுங்க.

50 எம்எம் இருக்குல்ல, க்ராப்புல அது 80 எம்எம் மாதிரி. பொண்ணு முகம், தாலி, மெட்டி போடற கை, அப்பா கண்ணு கலங்கறது எல்லாத்துக்கும் அத விட நல்லது தேட வேண்டாம். ஆனா எஃப் 1.8லயே வச்சு ரெண்டு பேர எடுக்காதீங்க, ஒருத்தர் கண்ணு தெளிவா இருக்கும் இன்னொருத்தர் மங்கிடுவாரு. ரெண்டு பேர்னா 2.8, குடும்பம்னா 5.6.

முகூர்த்த நேரத்த பத்தி ஒண்ணு. சென்னைல 6 மணிக்கெல்லாம் வெளுத்துரும், இங்க அப்படியில்ல. 1982ல கடிகாரத்த அரை மணி முன்னாடி தள்ளினதுலேர்ந்து நமக்கு வருஷம் பூரா 7 மணி பக்கம்தான் விடியல். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாத்தறது எல்லாம் வெளிய கும்மிருட்டா இருக்கும்போது நடக்கும், தாலி கட்டற நேரத்துல வெளிச்சம் வரவும் செய்யும் வராமலும் போகும். மண்டப லைட்டும் வெளி வெளிச்சமும் கலந்து வர்ற அந்த அரை மணிக்கு கட்டாயம் ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சது அப்படியே இருக்கற ஃபைல்) எடுங்க, ஒயிட் பேலன்ஸ (கலர் சாயல) பின்னாடி திருத்திக்கலாம்.

மருதாணி_கை | புதன், இரவு 9:32

நான் போட்டோகிராஃபர் இல்ல, போன வருஷம் கல்யாணம் ஆனவ, என் வீட்டுக்காரர் இந்த இழைய காட்டினாரு. படம் எடுக்கற நீங்க எல்லாரும் எங்க பக்கத்துலேர்ந்தும் ஒரு தடவை யோசிக்கணும்னு எழுதறேன்.

எங்களுக்கு எடுத்தவரு ரெண்டு பெரிய கேமரா கழுத்துல போட்டுட்டு வந்தாரு, நல்ல மனுஷன், நல்லாவே எடுத்தாரு. ஆனா ஒரு கார்டு கெட்டுப்போச்சு. கன்னிகாதானத்துலேர்ந்து அம்மி மிதிக்கறவரைக்கும் நாப்பது நிமிஷம் இல்ல. மீட்கறதுக்கு அவரும் எங்கெங்கயோ குடுத்துப் பாத்தாரு, வரல. தாலி கட்டின நேரத்துக்கு என்கிட்ட இருக்கறது என் சித்தி மகன் கைபேசில எடுத்த ஒரே படம், அதுல பாதி வேற யாரோ ஒருத்தரோட கை மறைக்குது. எங்க அப்பாயி அட்சதை போடறதுக்காக சக்கர நாற்காலிலேர்ந்து எழுந்து நின்னாங்க, எல்லாரும் பாத்தோம், படம் இல்ல. அவங்க இந்த மார்ச்ல போயிட்டாங்க.

அந்த கேமரால என்ன சென்சார்னு எனக்கு தெரியாது, கொஞ்சம் புள்ளி புள்ளியா இருந்தாலும் பரவால்ல, எனக்கு அந்த நாப்பது நிமிஷம் வேணும். தம்பி, நீங்க எடுக்கறதா இருந்தா மொதல்ல இதுக்கு ஒரு வழி பண்ணிட்டு எடுங்க.

தேக்கா_பழசு | புதன், இரவு 10:50

தங்கச்சி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. அப்பாயிய நெனச்சு வருத்தமா இருக்கு.

தம்பி, கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போற கேமரால நான் மொதல்ல பாக்கறது ரெண்டு கார்டு போட எடம் இருக்கான்னுதான், சென்சார் அளவு அதுக்கப்புறம். 80டில ஒரே ஒரு எஸ்டி ஸ்லாட். இதுதான் அதோட உண்மையான குறை, க்ராப்கறது இல்ல. ஏன்னா க்ராப்லயே 7டி மார்க் 2, நிக்கான் டி7200, டி500, ஃபுஜி எக்ஸ்-டி3, கேனான் ஆர்7 எல்லாத்துலயும் ரெண்டு ஸ்லாட் உண்டு. ஃபுல் ஃப்ரேம்லயும் கேனான் 6டி மாதிரி ஒரே ஸ்லாட் இருக்கறதும் உண்டு. அதனால "ஃபுல் ஃப்ரேம் வாங்கினா பாதுகாப்பு"ன்னு கண்ண மூடிட்டு நம்பாதீங்க.

ஒரே ஸ்லாட்ல எடுக்கணும்னா: பெரிய கார்டு ஒண்ணு போடாம 32 ஜிபி கார்டு நாலு வச்சுக்கங்க. 80டில ரா படம் ஒண்ணு சுமார் 30 எம்பி, ஒரு கார்டுக்கு ஆயிரம் படம் கிட்ட வரும். சடங்குக்கு ஒரு கார்டுன்னு மாத்துங்க, ஆனா கெட்டிமேளம் சொல்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷத்துல மாத்தக்கூடாது, அதுக்கு ரொம்ப முன்னாடியே மாத்திடணும். எடுத்து முடிச்ச கார்டு பையில போகாம உங்க சட்டைப் பாக்கெட்ல போகணும். மண்டபத்த விட்டு கிளம்பறதுக்கு முன்னாடி மடிக்கணினில ஒரு பிரதி. கார்டு எல்லாம் நல்ல கடைல பில்லோட வாங்கினதா இருக்கட்டும்.

அதோட ரெண்டாவது பாடி. இரவலோ வாடகையோ எதுவா இருந்தாலும் சரி, முகூர்த்தத்துக்கு ஒத்த கேமராவோட போக வேண்டாம், ஷட்டர் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது.

புக்கிட்பாத்தோக்_எக்ஸ் | வியாழன், காலை 8:15

நான் ரெண்டு எக்ஸ்-டி3 வச்சுத்தான் எல்லா கல்யாணமும் எடுக்கறேன், க்ராப்தான், இதுவரைக்கும் ஒரு பொண்ணு வீட்லயும் யாரும் சென்சார் அளவு கேட்டதில்ல. எடை கம்மிங்கறது பெரிய விஷயம், விடியக்காலை 4 மணிக்கு அலங்காரத்துலேர்ந்து ராத்திரி விருந்து வரைக்கும் நிக்கறோம், சாயங்காலம் கை நடுங்க ஆரம்பிச்சா எந்த சென்சாரும் காப்பாத்தாது.

எல்இடி லைட்டு பத்தி யாரும் சொல்லல. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குங்க நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்கு தெரியாது, கேமராவுக்கு தெரியும். மொத மொத சத்தமே இல்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர்ல எடுத்தப்ப மணமேடை பூரா பட்டை பட்டையா கோடு விழுந்துச்சு, நல்லவேளை ஒத்திகை நாள்லயே கண்டுபிடிச்சிட்டேன். அதுலேர்ந்து மண்டபத்துக்குள்ள மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும்தான், அதுவும் 1/100 நொடி பக்கம். தம்பி, உங்க 80டில ஆன்டி ஃப்ளிக்கர்னு மெனுல இருக்கு, அத ஆன் பண்ணி வைங்க, லைட்டு உச்சத்துல இருக்கற நேரம் பாத்து ஷட்டர் திறக்கும்.

ஈசூன்_க்ளிக் | வியாழன், இரவு 10:02

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மருதாணி அக்கா, நீங்க எழுதினத அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். கார்டு விஷயத்த கண்டிப்பா பாத்துக்கறேன்.

இன்னிக்கு வேலை முடிஞ்சு போய் பழைய 17-50 ஒண்ணு வாங்கிட்டேன், ஒரு கோடாக்ஸ் ஃப்ளாஷும். இன்னும் 500 வெள்ளிக்கு மேல மீதி இருக்கு. இப்ப கேள்வி வீட்டுக்குள்ள எடுக்கறத பத்தி. ஹால்ல சோஃபாவ எல்லாம் தூக்கிட்டு பாய் விரிச்சு தட்டு வரிசை வைப்பாங்களாம். 17ல வச்சு பாத்தேன், சுவத்தோட ஒட்டி நின்னாலும் பாதி பேர் வெளிய நிக்கறாங்க.

தேக்கா_பழசு | வெள்ளி, காலை 6:55

17 எம்எம் உங்க கேமரால 27 மாதிரி, எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஹாலுக்கு பத்தாது. க்ராப்புல உண்மைலயே இடிக்கற எடம் இதுதான், தூரத்துல இருக்கறத கிட்ட கொண்டு வர்றதுக்கு க்ராப் உதவும், அகலத்துக்கு உதவாது. கேனான் 10-18 சின்ன லென்ஸ், பழசுல சல்லிசா கிடைக்கும், 16 எம்எம் மாதிரி அகலம் வரும். எஃப் 4.5தான், ஆனா ஃப்ளாஷ் இருக்கறதால கவலை இல்ல. ஓரத்துல மட்டும் யாரையும் நிக்க வைக்காதீங்க, முகம் இழுத்துக்கும், பெரியம்மா பாத்தா மனசு கஷ்டப்படுவாங்க. பெரியவங்கள நடுவுல உக்கார வைங்க, ஓரத்துல தட்டு, கதவு, ஜன்னல் வரட்டும்.

வீட்டு சீலிங் வெள்ளை, தாழ்வா வேற இருக்கும். ஃப்ளாஷ நேரா முகத்துல அடிக்காம பின்னாடி மேல் மூலைய பாத்து திருப்புங்க, ஜன்னல் வெளிச்சம் மாதிரி மெத்துன்னு இறங்கும். மண்டபத்துல இத அப்படியே பண்ணாதீங்க, மேல கலர் பெயிண்டோ தோரணமோ இருந்தா அந்த கலர் அப்படியே பட்டுப்புடவைல இறங்கிரும். சன்னதி பக்கம் படமே எடுக்க வேண்டாம், எங்க எடுக்கலாம்னு மொத நாளே கோயில் அலுவலகத்துல கேட்டுக்கங்க, ஐயர்கிட்டயும் தாலி கட்டும்போது எந்தப் பக்கம் நிக்கலாம்னு ஒரு வார்த்தை கேளுங்க. மூணாவது முடிச்சு போட நாத்தனார் எந்தப் பக்கத்துலேர்ந்து வருவாங்கன்னு அவருக்குத்தான் தெரியும்.

செம்பவாங்_ஒளி | வெள்ளி, மதியம் 12:20

தட்டு வரிசைய ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்து முடிச்சிருங்க, வந்தப்புறம் யாராவது ஒரு வாழைப்பழத்த நகத்திருவாங்க. இன்னொண்ணு, ஏர்கான் அறைல வச்சிருந்த கேமராவ திடீர்னு காரிடாருக்கு கொண்டு போனா லென்ஸ் பூரா பனி மூடிக்கும், துடைக்க துடைக்க வரும். மாப்பிள்ளை வீட்டார் லிஃப்ட்லேர்ந்து இறங்கறத எடுக்கணும்னா கால் மணி முன்னாடியே கேமராவ பையோட வெளிய கொண்டு வைங்க.

ஈசூன்_க்ளிக் | ஞாயிறு, இரவு 11:48 (ஒரு மாசம் கழிச்சு)

நிச்சயம் நேத்து நல்லபடியா முடிஞ்சுது. 640 படம். இங்க சொன்னத எல்லாம் ஒரு தாள்ல எழுதி பாக்கெட்ல வச்சுட்டுப் போனேன்.

10-18 இல்லன்னா அந்த ஹால்ல எதுவுமே நடந்திருக்காது. மொத பத்து நிமிஷம் செம்பவாங் அண்ணன் சொன்னதுதான் நடந்துச்சு, மாப்பிள்ளையோட வெள்ளை வேட்டிய பாத்து மீட்டர் இருட்டாக்கிருச்சு, மாமா முகம் நிழல்ல. ஸ்க்ரீன்ல பெரிசாக்கி பாத்தப்பதான் தெரிஞ்சுது, உடனே ஒரு ஸ்டாப் கூட்டினேன், வேட்டில கொஞ்சம் விவரம் போனாலும் போகட்டும்னு முகத்துக்கு எடுத்தேன். ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/125, ஃப்ளாஷ் சீலிங்ல. பரிசப் புடவைய கையில வாங்கி பொண்ணு அவங்கம்மாவ திரும்பிப் பாத்தது 50ல கிடைச்சுது.

சாயங்காலம் ரெண்டு பேரையும் பொட்டானிக் கார்டன்ஸுக்கு கூட்டிட்டுப் போனேன். 6.30லேர்ந்து 7 வரைக்கும் வெளிச்சம் அவ்ளோ அழகு, 7.20க்கெல்லாம் இருட்டிருச்சு. ஃப்ளாஷ் இல்லாம ஐஎஸ்ஓ 3200ல எடுத்த கடைசி படங்கள்ல நாய்ஸ் இருக்கு, படம் திருத்தற லைட்ரூம்ல 2023ல வந்த டீநாய்ஸ் போட்டேன், முகம் ப்ளாஸ்டிக் மாதிரி ஆகாம இருக்க பாதி அளவோட நிறுத்திட்டேன். 12க்கு 18 இன்ச்ல ஒண்ணு பிரிண்ட் போட்டு அவங்கம்மா கையில குடுத்தேன், கண்ணாடிய எடுத்துப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

இப்ப பயம் எல்லாம் முகூர்த்தம்தான். ரெண்டாவது பாடி வாடகைக்கு கேட்டிருக்கேன், அந்த வாரம் ஏற்கனவே எல்லாம் போயிருச்சாம், நல்ல நாள்ங்கறதால.

செம்பவாங்_ஒளி | திங்கள், காலை 7:10

படங்கள பாத்தேன் தம்பி. புடவை வாங்கற படத்துல அந்தப் பொண்ணோட நிறம் அவங்க நிறமாவே இருக்கு, வெளுக்க வைக்காம விட்டதுக்கு நன்றி. 3200 படங்கள் விஷயத்துல நான் மொதல்ல சொன்னதுலேர்ந்து மாறல, ஃபுல் ஃப்ரேம்ல அது இன்னும் சுத்தமா வந்திருக்கும். அதனாலதான் இத சொல்றேன்: என்கிட்ட 5டி மார்க் 3 ஒண்ணு சும்மா இருக்கு, ரெண்டு ஸ்லாட், ஒண்ணு சிஎஃப் ஒண்ணு எஸ்டி, கூட 24-70 எஃப் 2.8. கல்யாணத்துக்கு அத எடுத்துட்டுப் போங்க, வாடகை வேண்டாம். பேட்டரி உங்க 80டிக்கும் அதுக்கும் ஒண்ணுதான், எல்பி-இ6. தாலி நேரத்துக்கு 5டில 24-70, ரெண்டு கார்டுலயும் எழுதற மாதிரி வச்சு தர்றேன், 80டில 50 எம்எம் போட்டு தோள்ல தொங்கட்டும்.

தேக்கா_பழசு | திங்கள், காலை 7:31

நல்ல மனசு உங்களுக்கு. தம்பி, ரெண்டு கேமராவோட கடிகாரத்தையும் மொத நாள் ராத்திரி நொடி சுத்தமா ஒண்ணா வைங்க, இல்லன்னா படங்கள கலக்கும்போது தாலி கட்டினதுக்கு அப்புறம் மாலை மாத்தின மாதிரி வரும். புது கேமராவ முகூர்த்தத்தன்னிக்கு மொத தடவை தொடாதீங்க, ஒரு வாரம் முன்னாடி வாங்கி, இருட்டுல பட்டன் எங்க இருக்குன்னு விரலுக்கு பழக்குங்க.

மருதாணி_கை | திங்கள், காலை 10:04

வீட்ல வயசானவங்க யார் யார் இருக்காங்கன்னு பொண்ணோட அம்மாகிட்ட இப்பவே பேரோட எழுதி வாங்கிக்கங்க தம்பி. அவங்க எங்க உக்காருவாங்கன்னும் கேட்டுக்கங்க.

ஈசூன்_க்ளிக் | திங்கள், இரவு 8:45

அண்ணே, என்ன சொல்றதுன்னே தெரியல. சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு செம்பவாங் எம்ஆர்டி (ரயில்) ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கறேன், என் 80டியையும் கொண்டு வர்றேன், கடிகாரத்த அங்கயே ஒண்ணா வச்சிருவோம். சிஎஃப் கார்டு என்கிட்ட இல்ல, வர்ற வழியில வாங்கிட்டு வர்றேன், எத்தனை ஜிபின்னு மட்டும் சொல்லுங்க.

அக்கா, எழுதி வாங்கிட்டேன். மொத்தம் ஏழு பேர். பொண்ணோட தாத்தாவுக்கு 91 வயசு, மேடைக்கு இடது பக்கம் மொத வரிசைல தூணுக்கு பக்கத்துல நாற்காலி போடறாங்களாம்.

செம்பவாங்_ஒளி | திங்கள், இரவு 9:02

32 ஜிபி ரெண்டு போதும்.